நாக்கில்லாமல் வந்த தலை

எங்கள் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான். அதில் பதினாறு பேர் இருக்கிறார்கள். அந்தப் பதினாறு பேரில் நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. நாங்கள் இருவரும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்து, திண்டுக்கல்லின் மே மாதத்தை நேருக்கு நேர் சந்திக்கிறவர்கள்.

உள்ளே இருப்பவை ரப்பர் தலைகள். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களில் வருகிற பூதங்களின் முகமூடிகள். நெற்றியில் தையல் போட்டவர், உடம்பு முழுக்கத் துணி சுற்றிய எகிப்துக்காரர், முழுநிலவைப் பார்த்தால் முடி முளைக்கிறவர், கோரைப்பல் ஜமீன்தார் என்று எல்லோரும் வரிசையாக மரப்பலகையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்கள். நான் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். நூலகர்களுக்கு அமைதியானவர்களைப் பிடிக்கும். இந்தப் பதினாறு பேரும் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாமதமாகப் புத்தகம் கொண்டுவந்துவிட்டு நாய் கடித்தது என்று காரணம் சொன்னதும் இல்லை.

இவை திருவிழாக் கடையில் விற்கிற மாதிரி முகமூடிகள் அல்ல. லைசென்ஸ் உள்ளவை. அதாவது, படம் எடுத்த கம்பெனியிடம் முறைப்படி அனுமதி வாங்கி, அந்த முகத்தைச் சுருக்கம் மாறாமல் அச்சில் வார்த்து, கழுத்தின் உட்பக்கம் ஒரு சின்னத் துணி முத்திரை தைத்து அனுப்புவார்கள். அந்த முத்திரையைக் காட்டி நான் விளக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன வருகிறது என்பதை வைத்தே அவர் நண்பரா உறவினரா என்று சொல்லிவிடலாம். என் தங்கையின் கணவர் முதல்முறை பார்த்தபோது கேட்டார்: "ஏன் மச்சான், வண்டிக்கு லைசென்ஸ் கேப்பாங்க, துப்பாக்கிக்குக் கேப்பாங்க. பேய்க்குமா கேக்குறாங்க?"

"அப்படி இல்ல மாப்ள, இது அசல்னு அர்த்தம்."

"பேய்லயே அசலு, டூப்பு இருக்கா?" என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம ஊர்ல இருக்கறதெல்லாம் டூப்புத்தான்" என்று முடித்தார்.

ரப்பருக்கு மூன்று எதிரிகள்: வெயில், சூடு, எண்ணெய்க் கை. திண்டுக்கல்லில் இந்த மூன்றையும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். சூட்டில் உதடு தொங்கிவிடும். அதனால்தான் ஏசி அவர்களுக்கு, மின்விசிறி எங்களுக்கு. மாதம் ஒருமுறை எல்லோருக்கும் குழந்தைப் பவுடர் பூச வேண்டும். பெரிய டப்பாவாக வாங்குவேன். மருந்துக்கடைப் பெண் ஒருநாள் கனிவாக, "பேரனா, பேத்தியா சார்?" என்று கேட்டாள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. அன்றிலிருந்து கடையை மாற்றிவிட்டேன்.

என் மனைவி பதினாறு தலைகளையும் பொறுத்துக்கொண்டவள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பொறுமை தீர்ந்தது அவளுடைய சித்தி வந்த அன்றைக்கு. மதிய உணவுக்குப் பின் செத்த நேரம் ஏசியில் படுக்கிறேன் என்று அந்த அம்மாள் கேட்காமல் கொள்ளாமல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். அடுத்து கேட்ட சத்தம் தெருமுனை வரை போனது. சித்தி ஊர் திரும்பிய பிறகு மனைவி கூடத்தின் நடுவில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "இனிமே இந்த வீட்டு வாசப்படியில ஒரு தலை ஏறுச்சுன்னா, என் தலை எறங்கிரும். பாத்துக்கங்க."

இப்படி அடித்துச் சொன்ன பிறகு பதினேழாவது தலைக்கு நான் ஆசைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் அது செவுள்காரன். ஆற்றுக்கு அடியில் வாழ்கிற, பாதி மீனும் பாதி மனிதனுமான பச்சை முகம். கன்னத்திலிருந்து கழுத்து வரை அடுக்கடுக்காகச் செவுள், தடித்த உதடு, கண்களில் யாரோ தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்ட மாதிரி ஒரு வருத்தம். எட்டு வருடமாகக் காத்திருந்தேன். அச்சு தேய்ந்துவிட்டது, இதுதான் கடைசி வார்ப்பு என்று விற்பவர்கள் அறிவித்தார்கள். அன்றைக்கே பதிவு செய்தேன். முகவரி என்ற கட்டத்தில் வந்துதான் விரல் நின்றது.

அப்போது என் தங்கை சாணார்பட்டி போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கட்டடத்தின் முகவரியைப் போட்டு, கொத்தனாரின் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டேன். பார்சல் வந்ததும் கொத்தனார் எனக்குச் சொல்வார், நான் போய் எடுத்துக் கல்லூரி நூலகத்தில் மேற்கோள் நூல்கள் பகுதியில் வைத்துவிடுவேன். அங்கே வைத்த பொருளை இதுவரை எந்த மாணவரும் கண்டுபிடித்ததில்லை. திட்டம் பழுதில்லாதது. கொத்தனாரிடம் ஒரே ஒரு வார்த்தை, "பிரிச்சுராதீங்க" என்று சொல்லி வைத்திருந்தால் போதும். அதைத்தான் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தங்கை வீட்டுப் பக்கம் வண்டியை விட்டேன். ரோட்டிலிருந்து திரும்பும்போதே தெரிந்துவிட்டது. கட்டடத்தின் முகப்பில், சாரம் கட்டிய சவுக்குக் கம்பின் உச்சியில், ஒரு பானையைக் கவிழ்த்து அதற்கு மேல் என் செவுள்காரனை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைப்பூசணி. நேர் எதிரே மேற்கு வெயில். முகமெங்கும் சுண்ணாம்புப் பொட்டு. வாயிலிருந்து ஒரு முழம் சிவப்பு ரெக்சின் தொங்கிக்கொண்டிருந்தது.

கொத்தனார் பெருமையோடு இறங்கி வந்தார். "வந்துருச்சு சார் உங்க திருஷ்டி பொம்மை. வெளிநாட்டுச் சரக்குங்கறது சும்மாவா? எத்தனையோ வீட்டுக்குக் கட்டிருக்கேன், இம்புட்டு கோரமா ஒண்ணு நான் பாத்ததில்ல."

நான் தொங்குகிற ரெக்சினை மட்டும் கையால் காட்டினேன்.

"அதா சார்? நாக்கு இல்லாம அனுப்பிட்டாங்க. டேமேஜ் பீசுன்னு நெனைக்கிறேன். விடுங்க, அதுக்குப் போய் திருப்பி அனுப்பிக்கிட்டா இருக்க முடியும்? பழைய பைக் சீட்டுக் கவர வெட்டி நானே தச்சுட்டேன்."

கட்டுகிற வீட்டில் ஊர்க்கண் படக்கூடாது என்று கோரமான ஒரு முகத்தைத் தொங்கவிடுவது எங்கள் பக்கம் செங்கல், சிமெண்டு மாதிரி அடிப்படைத் தேவை. கட்டுகிற வீட்டுக்கு ஒரு பயங்கரமான தலை பார்சலில் வந்தால் அதற்கு வேறு எந்த உபயோகமும் இருக்க முடியாது. கொத்தனார் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நாக்குத்தான் தைத்திருப்பேன்.

"கொத்தனாரே, அத எறக்குங்க" என்று சொல்ல வாய் எடுத்த நேரத்தில் உள்ளே இருந்து தங்கை ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லாம இப்படிப் பண்ணிட்டியே! பொறந்த வீட்டுச் சீருன்னு இன்னும் ஒண்ணும் வரலியேன்னு எங்க அத்த ஜாடை பேசிக்கிட்டே இருந்தாக. இன்னைக்கு வாய அடைச்சுட்டேன்ல. எங்கண்ணன் இந்த வீட்டுக்கே அமெரிக்காவுல இருந்து காவல் வரவழைச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

மேலே பார்த்தேன். செவுள்காரனும் என்னைப் பார்த்தான். எட்டு வருடக் காத்திருப்பு மேற்கு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. "ஆமா, உனக்குத்தான்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொன்ன மூன்றாம் நாள் போர்வெல் லாரி வந்தது. அந்த மனையில் அதற்கு முன் ஒருமுறை துளை போட்டு வெறும் புழுதிதான் கிளம்பியிருந்தது. இந்தமுறை தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. அவ்வளவுதான், கதை முடிந்தது. "மீன் மூஞ்சி வந்த ராசி" என்று தோட்டத்துப் பக்கம் வேலை செய்கிறவர்கள் முதல் சிமெண்டு இறக்க வந்தவர்கள் வரை எல்லோரும் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பெண்மணி குங்குமம் வைக்கக் கம்பில் ஏற முயன்றதாகவும் கேள்வி.

வீட்டுக்கும் செய்தி வந்து சேர்ந்தது. தங்கை என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். நான் பயந்துகொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "உங்க சாமான் மாதிரி ஒண்ண வாங்கி, நீங்களே தூக்கிக் குடுத்தீங்களா? தங்கச்சிக்கா?" என்றாள். அடுத்து, கேட்காமலே ஒரு ஆம்லெட் வந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் என்னை அவள் அப்படி மரியாதையோடு பார்த்தது இரண்டாவது முறை. முதல் முறை, கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை நான் சரியாக மாட்டியபோது.

ஆக, உண்மையைத் தங்கையிடமும் சொல்ல முடியாது, மனைவியிடமும் சொல்ல முடியாது. முகமூடி சேகரிக்கிறவர்களின் இணையக் குழுவில் மட்டும் பெயர் போடாமல் கேட்டேன்: வெயிலில் வைத்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? குளிர்ந்த, இருட்டான, காற்று வறண்ட இடத்தில் உடனே வையுங்கள் என்று பனி பெய்கிற ஏதோ நாட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால் முதலில் நான் போய்ப் படுத்திருப்பேன் ஐயா.

வாரக் கடைசியில் கட்டட வேலையைப் பார்ப்பது போலப் போய், கம்பத்தில் ஒரு பழைய குடையைக் கட்டிவிட்டேன். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், குடைய விரிச்சா அது எப்படி சார் ஊர்க்கண்ணப் பாக்கும்? அது முறைக்கணும் சார்." குடை இறங்கியது. இறங்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "இன்னும் ரெண்டு வாரம் தான சார். பால் காய்ச்சறதுக்கு முந்துன நாள் இத எறக்கி முச்சந்தியில வச்சு எரிச்சுருவோம்."

"எரிச்சுருவீங்களா?"

"பின்ன? இத்தன நாள் ஊர்க்கண்ண எல்லாம் உள்ள வாங்கி வச்சிருக்குல்ல. அத வீட்டுல வச்சிருக்கலாமா?"

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கடைவீதியில் நிறுத்தி, கொம்பும் கோரைப்பல்லும் வைத்த பிளாஸ்டிக் அசுர முகம் ஒன்று வாங்கினேன். தட்டையானது, நாக்கு உள்ளது. லைசென்ஸ் இல்லாதது. இவனை மேலே மாட்டிவிட்டு அவனைக் கீழே இறக்கிவிட்டால், எரிக்கிற அன்றைக்கு யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? கேட்டால், வெயிலில் முகம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு புதன்கிழமை கல்லூரியில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று போட்டேன். அது பொய்யில்லை.

மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலையாட்கள் சாப்பிட்டுவிட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வண்டியைத் தூரத்தில் ஒரு சோளக்காட்டு ஓரம் நிறுத்தியிருந்தேன். சாரத்தடியில் செருப்பை உதறினேன். பிளாஸ்டிக் அசுரனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினேன். சாரத்தில் ஏறுவது, கீழிருந்து பார்க்கும்போது ஏணியில் ஏறுகிற மாதிரித்தான் தெரியும். ஏறும்போதுதான் ஒவ்வொரு கம்புக்கும் தனித்தனியாக ஒரு அபிப்பிராயம் இருப்பது தெரிகிறது.

மேலே பலகையில் உட்கார்ந்து, பானையிலிருந்து செவுள்காரனைப் பூப்போலக் கழற்றினேன். இடது காதோரம் ஒரு விரிசல். பச்சை நிறம் வெளிறிப் பழைய கீரை வெஞ்சனம் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் உயிரோடு இருந்தான். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் பை கொண்டுவரவில்லை. இறங்க இரண்டு கையும் வேண்டும். ரப்பர் தலையை மடிக்கக் கூடாது, மடித்தால் மடிப்பு விழுந்துவிடும். தலையைச் சேதமில்லாமல் எடுத்துப்போக இருக்கிற ஒரே பாத்திரம் தலைதான். மாட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் தங்கையும் அவளுடைய மாமியாரும் இறங்கினார்கள்.

இறங்க நேரமில்லை. வெறும் பானை தெரியாமல் அதற்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டேன். உள்ளே ரப்பர் வாசனை, சுண்ணாம்பு வாசனை, என் வியர்வை மூன்றும் கலந்து இறங்கியது. கண் துளைகள் வழியாக, இரண்டு பேர் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த அம்மாள் மாட்டுச்சந்தையில் பல்லைப் பார்த்து வயது சொல்கிறவர் என்று மாப்பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஏத்தா, இது என்ன புதுசா இருக்கு? ஒடம்பெல்லாம் வச்சிருக்காக?"

"ஆமாத்த!" என்றாள் தங்கை. "கொத்தனாரு வச்சிருப்பாரு போல. கட்டம் போட்ட சட்டையெல்லாம் போட்டுவிட்டிருக்காரு பாருங்க. அச்சு அசலா ஆளு உக்காந்திருக்க மாதிரியே இருக்குல்ல?"

"ஆளா? ஒழைக்கிற ஆளு மாதிரி தெரியலியே" என்றார் மாமியார். "வைக்கோல அமுக்குனதும் சரியில்ல. அம்புட்டையும் வயித்துலயே திணிச்சுப்புட்டாரு. காலு பாரு, குச்சி கணக்கா இருக்கு."

சட்டைக்குள் இருந்த பிளாஸ்டிக் அசுரனும் அதில் பாதிக்குப் பொறுப்பு என்று கத்தத் தோன்றியது. அதே சமயம் ஒரு காக்கை வந்து என் தோளில் உட்கார்ந்தது. இவ்வளவு கோரமான முகத்துக்குப் பயப்படாத அந்தக் காக்கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அது கெடக்கட்டும்" என்று மாமியார் தொடர்ந்தார். குரல் சற்று உயர்ந்தது போல இருந்தது. "உங்கண்ணன் சீரு சீருன்னு சொன்னியே, இந்த ரப்பர் மூஞ்சி மட்டுந்தானா? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பேய்த்தலை வந்துச்சுன்னா?"

தங்கை செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அத்த, எங்கண்ணன உங்களுக்குத் தெரியாது. அது கஞ்சன் இல்ல. ஆனா தன் பொருள ஒருத்தருக்கும் தூக்கிக் குடுக்காது. சின்னப் பிள்ளையில அதோட கோலிக்குண்டத் தொட்டா வீடே ரெண்டாயிரும். என் கல்யாணத்துக்கு என்ன குடுத்துச்சு தெரியுமா? அகராதி. அதுலயும் முதப் பக்கத்துல அது பேரு எழுதியிருந்துச்சு."

இது உண்மை. புது அகராதி வாங்கிக்கொண்டு, பழையதை அவளுக்குக் கொடுத்தேன்.

"அந்தத் தலைங்களுக்கு ஏசி போட்டு, பவுடர் போட்டு வச்சிருக்கும். எம்மக ஒண்ண எடுத்து மாட்டிப் பாத்தான்னு ரெண்டு நாள் அவகூடப் பேசல. அப்படிப்பட்டது, அதே மாதிரி ஒண்ண வரவழைச்சு, தான் வச்சுக்காம, இந்தா வெயில்ல வச்சுக்கன்னு எனக்குக் குடுத்துருக்கு. தங்கம் குடுக்குறவுக கடையில போய் வாங்கிக் குடுப்பாக. எங்கண்ணன் உசுரப் பிச்சுக் குடுத்துருக்கு அத்த. அதப் போயி ரப்பருங்கிறீக."

மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படியா சங்கதி. அப்ப வேல முடிஞ்சதும் திருப்பிக் கேக்க மாட்டாரா?"

"கேக்கவே கேக்காது."

"சரித்தா, பாப்போம்" என்றார் மாமியார். என்னை இன்னொருமுறை, மேலிருந்து கீழ்வரை, மாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு இருவரும் டைல்ஸ் பார்க்க உள்ளே போனார்கள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஓடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. தலை என் தலையில்தான் இருந்தது, வண்டி சோளக்காட்டோரம் இருந்தது. ஆனால் அந்த முகமூடிக்குள் ஒரே புழுக்கம். மூக்கு நுனியில் இறங்கிக்கொண்டிருந்தது முழுக்க வியர்வைதானா என்று நான் ஆராயவில்லை. கழற்றினேன். காக்கையை விரட்டினேன். பானையில் செவுள்காரனைத் திரும்ப மாட்டி, காதோரம் சரிசெய்து, அந்த அசிங்கமான நாக்கையும் நேராக இழுத்துவிட்டேன். பிளாஸ்டிக் அசுரன் சட்டைக்குள் வந்த மாதிரியே சட்டைக்குள் திரும்பினான்.

கீழே என் செருப்பு சுவரோரம் ஜோடியாக, நேராக வைக்கப்பட்டிருந்தது. நான் உதறியது ஆளுக்கொரு பக்கமாக. வேலையாட்கள் யாராவது ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று மாட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, நேத்து பொம்மைக்கு ஒடம்பு வச்சு அம்புட்டு அழகா இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தா காணோம். கொத்தனாரக் கேட்டா, நான் வைக்கவே இல்லங்கிறாரு. எங்க அத்ததான், பழையபடி ஒண்ணு செய்யுங்க, அண்ணன்கிட்ட ஒரு கட்டம் போட்ட சட்டை கேட்டு வாங்குங்கன்னாக. இருக்கா?"

மனைவி அலமாரியைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த, புதன்கிழமை போட்ட அதே சட்டையை எடுத்துக் கொடுத்தாள். முதுகில் காக்கை வைத்த அடையாளம் போகவில்லை. வைக்கோல் திணிக்கும்போது மாமியார் பக்கத்தில் நின்று, வயிற்றில் இன்னும், இன்னும் என்று சொன்னதாகக் கொத்தனார் பிறகு சொன்னார்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் மனைவியும் போனோம். மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். பொம்மையை இறக்கி, தோட்டத்துப் பாதை பிரிகிற முச்சந்தியில் உட்காரவைத்திருந்தார்கள். கொத்தனார் மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்தார். நான் தூரத்தில் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏப்பா, நில்லு" என்றார் மாமியார். "தலையக் கழட்டு."

"முழுசா எரிக்கறதுதான் முறை அம்மா" என்றார் கொத்தனார்.

"ரப்பர எரிச்சா நாத்தம் ஊரத் தூக்கிரும். காலையில அய்யரு வரணும், பால் பொங்கணும். கண்ணுபட்டதெல்லாம் வயித்துலதான் எறங்கியிருக்கும். எம்புட்டு பெருசா இருக்கு பாரு. அத எரி, போதும்."

கொத்தனார் யோசித்தார். இதில் ஒரு நியாயம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையை உருவி எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார். என் கட்டம் போட்ட சட்டையும் என் தொப்பையும் நன்றாக எரிந்தன. அவ்வளவு நாளில் முதல்முறையாக, எனக்கும் உடம்பு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது.

தங்கை செவுள்காரனை முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, நீயே கொண்டு போயிரு. பாவம், வெயில்ல கெடந்து வெளுத்துப்போச்சு. அங்க மத்ததோட ஏசியில இருக்கட்டும்."

நீட்டினாள். ஒரு அடி தூரத்தில் இருந்தது. காதோரத்து விரிசலை ஒட்டப் பசை இருக்கிறது, சுண்ணாம்புப் பொட்டு ஈரத்துணிக்குப் போய்விடும், தைத்த நாக்கைப் பிரித்துவிடலாம் என்று என் மூளை தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. கையும் பாதி நீண்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் மனைவி நின்றாள். நான்கடி தள்ளி மாமியார் நின்றார்.

"சீராக் குடுத்தத யாராவது திருப்பி வாங்குவாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். "மோட்டார் ரூம்ல ஆணி அடிச்சு மாட்டு. தண்ணி குடுத்த பய, அங்கயே இருக்கட்டும். வெயில் மட்டும் படாமப் பாத்துக்க. எண்ணெய்க் கையோட தொடாத. மாசம் ஒருக்கா நான் பவுடரோட வாரேன்."

தங்கை சிரித்தாள். இப்போதும் அவன் அங்கேதான் இருக்கிறான், மோட்டார் சுவிட்சுக்கு மேலே, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. வெள்ளிக்கிழமை குங்குமம் உண்டு. இணையக் குழுவில் படம் போட்டபோது, பனி நாட்டுக்காரர் அந்த நாக்கு எந்த வருடத்து வார்ப்பில் வந்தது, தன்னிடம் இருப்பதில் இல்லையே என்று பொறாமையோடு கேட்டிருந்தார்.

மறுநாள் பால் பொங்கி, பந்தி முடிந்து, கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மாமியார் வெற்றிலைத் தட்டோடு என்னைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, எரியோட்டுல எம்மக வீடு கட்டுறா. போர் போடணும். இதே மாதிரி அவளுக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்களேன்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது லைசென்ஸ் உள்ள தலை என்பதையும், அச்சு தேய்ந்துவிட்டதையும், இனிமேல் இப்படி ஒன்று வராது என்பதையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

"தலை கெடக்கு தம்பி, அது எங்கயும் வாங்கிக்கலாம். அந்தப் புதன்கெழமை ஒடம்புதான் நல்லா அமைஞ்சிருந்துச்சு. அத வந்து செத்த நேரம் உக்காரச் சொல்லுங்க, போதும். செருப்ப மட்டும் இந்தத் தடவையாச்சும் நேரா கழட்டி வைக்கச் சொல்லுங்க. எனக்குக் குனிஞ்சு எடுத்து வைக்க முடியல."